யாருடைய பாஸ்கா?

புனேயை அடுத்த சிஞ்ச்வடைப் பற்றிக் கேட்டால் மகாராஷ்டிரத்தில் யாரும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, பவனா நதிக்கரையில் இருக்கும் மோர்யா கோசாவியின் சமாதிக் கோயில். மற்றொன்று, 1897ல் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டுக் கொன்ற சாபேகர் சகோதரர்கள். இந்த ஊருக்கு மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு. 1954ல் பக்கத்துப் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் டெல்கோவும் பஜாஜும் மற்ற பெரிய கம்பெனிகளும் வந்தன. அவற்றின் பின்னால் மலையாளிகளும் தமிழர்களும் தெலுங்கர்களும் ரயிலேறி வந்தார்கள். டிரங்குப் பெட்டியோடு அவரவர் சாமியும் வந்தது. சாமிக்குப் படைக்கும் பலகாரமும் வந்தது.

அந்தப் பலகாரங்களில் ஒன்றைப் பார்க்கப் புனித வாரத்து வியாழக்கிழமை இரவு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போக வேண்டும். அரிசியும் உளுந்தும் அரைத்துத் தேங்காய் சேர்த்த மாவைப் புளிக்க விடாமல் ஆவியில் வேக வைத்திருப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக அதன் மேல் வைத்திருப்பார்கள். பக்கத்தில் தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து, ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டுக் காய்ச்சிய பால். செபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் அப்பத்தைப் பிட்டு, வயதில் மூத்தவரிலிருந்து கடைக்குட்டி வரை வரிசையாகக் கொடுப்பார். இரண்டு கைகளையும் நீட்டித்தான் வாங்க வேண்டும். குருவானவர் இல்லை, பீடம் இல்லை. டைனிங் டேபிள்தான் பீடம். இந்தச் சடங்கின் பெயர் பெசஹா.

பெசஹா என்பது சிரியாக் மொழிச் சொல். எபிரேயத்தில் பெஸாஹ். தமிழில் நாம் பாஸ்கா என்கிறோம். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர், விடுதலைக்கு முந்தைய இரவில் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் ரத்தத்தை நிலைக்கால்களில் பூசி, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அவசர அவசரமாக உண்டதன் நினைவு. யூதர்கள் இன்றும் அதை வீட்டில்தான் கொண்டாடுகிறார்கள். இயேசு தம் சீடர்களோடு கடைசியாக அமர்ந்த பந்தியும் அந்தப் பண்டிகையை ஒட்டி நடந்ததுதான்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் பாஸ்காவைக் கொண்டாட வேண்டுமா? கொண்டாடினால் எப்படி? சமீப வருஷங்களில் இந்தக் கேள்வி திருச்சபைகளுக்குள் அடிக்கடி எழுகிறது. சில சுதந்திர சபைகள் புனித வாரத்தில் யூத முறைப்படி பாஸ்கா விருந்து நடத்துகின்றன. யெகோவாவின் சாட்சிகள் யூத மாதமான நிசான் 14ஆம் நாள் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூர்கிறார்கள். கொரியாவில் 1964ல் தோன்றிய ஒரு சபை, பாஸ்காவை அனுசரித்தால்தான் மீட்பு என்றே போதிக்கிறது. மறுபக்கம், அதெல்லாம் பழைய ஏற்பாட்டோடு முடிந்த சமாச்சாரம் என்று ஒரே வரியில் கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

விஷயம் அவ்வளவு சுலபமில்லை. முதலில் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிஞ்ச்வட் அடுக்ககத்தின் ஒரே மாடியில் நான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தால் நான்கு பேருக்கும் நான்கு பாஸ்கா. மலையாளிக்கு அது வியாழக்கிழமை இரவு அப்பம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு பாஸ்கா என்றால் நாடகம். மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரிலும் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரிலும் கிறிஸ்துவின் பாடுகளை மேடையேற்றும் அந்த நாடகத்துக்கு அதுதான் பெயர். தமிழ்ப் புராட்டஸ்டன்டுக்கு அது பஸ்கா. யாத்திராகமத்தில் வரும் ஆட்டுக்குட்டி. மராத்திக் கிறிஸ்தவருக்கோ அது வல்ஹாண்டண். மற்ற மூவரும் அந்நியச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டிருக்க, மராத்தி பைபிளை மொழிபெயர்த்தவர்கள் மட்டும் தாண்டிப் போதல் என்ற பொருள் தொனிக்கும் சொல்லைப் பிடித்தார்கள். ஆங்கிலத்துக்கு அப்படியொரு சொல்லை 1530ல் ஆக்கிக் கொடுத்தவர் வில்லியம் டிண்டேல்.

தமிழ்நாட்டு நாடகத்துக்கு பாஸ்கா என்று பெயர் வந்ததை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயராக இருந்த மெலித்தோ, பாஸ்கா என்ற சொல்லை, துன்பப்படுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு முடிச்சுப் போட்டார். இரண்டும் ஒலியில்தான் ஒன்று, வேர் வேறு. இரு நூற்றாண்டுகள் கழித்து அகுஸ்தினார் இந்தத் தவறைச் சுட்டிக்காட்டினார். பாஸ்கா எபிரேயச் சொல், அதற்குக் கடந்துபோதல் என்று அர்த்தம், பாடுகள் என்று அர்த்தமில்லை என்றார் அவர். ஆனாலும் மக்கள் மனதில் மெலித்தோதான் ஜெயித்திருக்கிறார். கிறிஸ்தவர்களுக்கு பாஸ்கா என்றதும் சிலுவையும் ரத்தமும் ஞாபகம் வருகிற அளவுக்கு, அடிமைகள் விடுதலையானது ஞாபகம் வருவதில்லை. இது சொற்பிறப்புச் சிக்கல் மட்டுமாக நின்றுவிடவில்லை என்பதைப் பிறகு பார்க்கலாம்.

தேதியிலும் தகராறு உண்டு. ஆரம்பத்தில் ஆசியா மைனரின் கிறிஸ்தவர்கள் யூதர்களோடு சேர்ந்து நிசான் 14ஆம் நாளே பாஸ்காவை அனுசரித்தார்கள். அது எந்தக் கிழமையில் வந்தாலும் சரி. ரோமாபுரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் என்றார்கள். சுமார் 155ஆம் வருஷத்தில் சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப்பு ரோமுக்குப் போய் ஆயர் அனிசேத்தஸோடு இதைப் பேசினார். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அனிசேத்தஸ் தம் கோயிலில் திருவிருந்தை நடத்தும் மரியாதையைப் பொலிகார்ப்புக்குக் கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள். ஒரு தலைமுறை கழித்து விக்டர் என்ற ரோம ஆயர், ஆசியாக்காரர்களை சபையிலிருந்தே தள்ளிவைக்கப் புறப்பட்டார். லியோனின் இரேனியஸ்தான் குறுக்கிட்டு, அனிசேத்தஸின் முன்மாதிரியை அவருக்கு நினைவுபடுத்தினார். 325ல் நீசேயா சங்கம் கூடி, எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும், யூதர்களின் கணக்கைச் சார்ந்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. அதிலிருந்து இரண்டு பண்டிகைகளும் தனித்தனி ரயில் தண்டவாளங்கள். 2024ல் ஈஸ்டர் மார்ச் 31ல் வந்தது. யூதர்களின் பாஸ்கா ஏப்ரல் 22 மாலைதான் தொடங்கியது.

ஆகவே, சரியான தேதியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இன்று யாராவது துண்டுப் பிரசுரம் கொடுத்தால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே வாங்கிக்கொள்ளலாம். தேதி விஷயத்தில் நற்செய்தி நூல்களே ஒரே குரலில் பேசவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசிப் பந்தியை பாஸ்கா விருந்து என்கிறார்கள். யோவானில் இயேசு இறப்பது பாஸ்காவுக்கு முந்தைய ஆயத்த நாளில், அதாவது கோயிலில் ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் நாளில். முதல் மூவருக்கு இயேசு பாஸ்காவை உண்டவர். யோவானுக்கு அவரே பாஸ்கா. ஒரே ஊரில் ஒரே வாரத்தில் நடந்ததை இரண்டு விதமாகச் சொல்லும் நூல்களைத் திருச்சபை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து வந்திருக்கிறது. அதற்குத் தேதியைவிட அர்த்தம் முக்கியமாக இருந்தது என்று தெரிகிறது.

சரி, யூத முறைப்படி விருந்து நடத்துவதில் என்ன தப்பு? இயேசு செய்ததைத்தானே செய்கிறோம் என்பது அந்தச் சபைகளின் வாதம். வாதம் நியாயமாகத்தான் ஒலிக்கிறது. சரித்திரம்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. இன்று யூத வீடுகளில் நடக்கும் செடர் என்ற அந்த விருந்து முறை, கி.பி. 70ல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு உருவாகி வளர்ந்தது. ஆலயம் போய்விட்டது, ஆட்டுக்குட்டிப் பலி போய்விட்டது, இனி பண்டிகையை எப்படிக் காப்பாற்றுவது என்று தவித்த ரபிகள் வீட்டு மேஜையைப் பலிபீடமாக்கினார்கள். அதன் முதல் விரிவான வடிவத்தை சுமார் 200ல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில்தான் பார்க்க முடிகிறது. அதற்கும் பிறகு பல நூற்றாண்டுகள் சேர்த்தவை ஏராளம். மேஜை மேல் இருக்கும் மூன்று அப்பங்கள் திரித்துவத்தைக் குறிக்கின்றன என்று மைக்கில் விளக்குகிறவர்கள், இயேசுவின் மேஜையில் இருந்ததை விளக்கவில்லை. அவருக்குப் பின் வந்த யூதர்கள், தங்கள் நஷ்டத்தை ஆற்றிக்கொள்ள அமைத்த சடங்கை எடுத்துத் தங்கள் முத்திரையைக் குத்துகிறார்கள்.

இது யூதர்களுக்கு ஏன் வலிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புனித வாரம் யூதர்களுக்குப் பயத்தின் வாரமாக இருந்தது. கிறிஸ்தவக் குழந்தையைக் கொன்று ரத்தத்தைப் பாஸ்கா அப்பத்தில் கலக்கிறார்கள் என்ற அபாண்டம் ஊர் ஊராகப் பரவியது. 1903ல் அன்று ரஷ்ய ஆட்சியில் இருந்த கிஷினெவ் நகரில் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து இருந்த இழிசொல்லை 1959ல் போப் 23ஆம் ஜான் நீக்கினார். இயேசுவின் மரணத்துக்கு அன்றைய யூதர்கள் அனைவரையுமோ இன்றைய யூதர்களையோ பொறுப்பாக்கக் கூடாது என்று 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1988ல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு இன்னும் ஒரு படி போனது. செடர் விருந்தில் பங்கெடுத்தால் அதன் யூதத் தன்மைக்கு மரியாதை கொடுங்கள். அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து நற்கருணைக்கு முன்னுரையாக மாற்றாதீர்கள் என்று எச்சரித்தது. அடித்தவன் கையே ஒருநாள் விருந்துத் தட்டையும் எடுத்துக்கொள்ள நீண்டால், அடிபட்டவன் சந்தேகப்படாமல் என்ன செய்வான்?

இந்தக் கதை ஐரோப்பாவுடையது, இந்தியக் கிறிஸ்தவருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். சிஞ்ச்வடில் இருப்பவருக்கு பதில் கிட்டத்திலேயே கிடைக்கும். லோக்கல் ரயிலில் ஏறி புனேயில் இறங்கினால் கன்டோன்மெண்ட் பக்கம் ஓஹல் டேவிட் யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1867ல் கட்டப்பட்டது. செலவை ஏற்றவர் பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் பெரும் வர்த்தகரான டேவிட் சசூன். 1864ல் இறந்த அவருடைய சமாதியும் அங்கேதான். சிவப்புச் செங்கல், உயர்ந்த கோபுரம், அதில் கடிகாரம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து சர்ச் என்று நினைத்துக்கொள்வது சகஜம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் லால் தேவுள், சிவப்புக் கோயில். தொழுகைக்கூடத்தை சர்ச் என்று நினைக்க வைக்கிற கட்டடம், கோயில் என்று அழைக்கிற ஊர். இந்தியாவுக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அதைவிட சுவாரசியமானது, ராஸ்தா பேட் பகுதியில் இன்னொரு தொழுகைக்கூடத்தை வைத்திருக்கும் பெனே இஸ்ரேல் சமூகத்தின் கதை. கப்பல் உடைந்து கொங்கணக் கரையில் ஒதுங்கிய ஏழு தம்பதிகளின் வாரிசுகள் தாங்கள் என்பது அவர்கள் மரபு. செக்கு ஓட்டி எண்ணெய் எடுப்பது தொழில். சனிக்கிழமை செக்கு நிற்கும் என்பதால் ஊரார் அவர்களை சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை வாணியர் என்றார்கள். எபிரேயம் மறந்துபோயிற்று. வேதப் புத்தகம் கையில் இல்லை. எகிப்து, மோசே, செங்கடல் என்ற கதையும் மங்கிவிட்டது. ஆனால் வருஷத்தில் எட்டு நாட்கள் அவர்கள் வீட்டில் புளிப்புச் சாறு வைத்திருக்கும் ஜாடியை மூடி வைத்தார்கள். அந்தப் பண்டிகைக்கு ஜாடி மூடும் பண்டிகை என்ற பொருளில் ஒரு மராத்திப் பெயரே வழங்கியது. ஏன் மூடுகிறோம் என்பது மறந்தது. மூடுவது மறக்கவில்லை.

கதையை அவர்களுக்கு மீட்டுக் கொடுத்ததில் கிறிஸ்தவ மிஷனரிகளுக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் வில்சன் பம்பாயில் அவர்களுக்காக 1832ல் மராத்தியில் எபிரேய இலக்கணம் எழுதினார். மிஷன் பள்ளிகளிலும் மராத்தி பைபிளிலும் அவர்கள் தங்கள் முன்னோர் கதையைப் படித்தார்கள். மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் படித்ததை எடுத்துக்கொண்டு இன்னும் உறுதியான யூதர்கள் ஆனார்கள். 1874ல் இதே புனே நகரில் பாஸ்கா இரவில் வாசிக்கும் ஹகதா நூல் எபிரேயமும் மராத்தி மொழிபெயர்ப்புமாக அச்சானது. அதிலுள்ள படங்களில் புளிப்பில்லாத அப்பம் செய்யும் பெண்கள் புடவை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அச்சிட்டவர் ஒரு மகாராஷ்டிர பிராமணர்.

பெனே இஸ்ரேல் சமூகம் சடங்கை வைத்துக்கொண்டு கதையை மறந்தது. கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். கதை முழுவதும் புத்தகத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் பெரிய வியாழன் பூசையில் யாத்திராகமத்தின் 12ஆம் அதிகாரத்தையும், ஈஸ்டர் திருவிழிப்பில் செங்கடலைக் கடக்கும் பகுதியையும் தவறாமல் வாசிக்கிறார்கள். வாசிப்பவர் இறங்கிப்போனதும் அது பிரசங்கத்துக்கு முன்னோட்டமாகிவிடுகிறது. ஆட்டுக்குட்டி இயேசுவுக்கு அடையாளம், ரத்தம் சிலுவைக்கு அடையாளம், எகிப்து பாவத்துக்கு அடையாளம் என்று எல்லாம் அடையாளமானதில், செங்கல் அறுத்த அடிமைகள் காணாமல் போகிறார்கள். மெலித்தோவின் சொல் விளையாட்டுக்குக் கொடுத்த விலை இது.

பவுல் இதை அப்படி வாசிக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் கிறிஸ்துவை நம் பாஸ்கா ஆட்டுக்குட்டி என்று சொன்ன கையோடு, பழைய புளித்த மாவைத் துடைத்தெறியச் சொல்கிறார். வஞ்சகமும் தீமையும்தான் அவர் சொல்லும் புளிப்பு. அந்தச் சபையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அதே கடிதத்தில் சில அதிகாரங்கள் தள்ளி வருகிறது. வசதியுள்ளவர்கள் முன்னால் வந்து தின்று குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். இல்லாதவன் வந்து பார்க்கும்போது அவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இதற்குப் பெயர் ஆண்டவருடைய பந்தி இல்லை என்று பவுல் முகத்துக்கு நேரே சொல்கிறார். பண்டிகை நாட்களைப் பற்றி யாரும் உங்களைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்று கொலோசெயருக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. தேதியில் அவ்வளவு தாராளம். பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்பதில் இவ்வளவு கண்டிப்பு.

அந்தக் கண்டிப்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தால் நிம்மதியாக இருக்க முடியாது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதியைப் பிரிக்கும் சுவர் எழுந்தது. எறையூரில் 2008 மார்ச்சில், தவக்காலத்தின் நடுவில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் ஈஸ்டர். அந்த வருஷமும் பெரிய வியாழன் வந்திருக்கும். குருவானவர் பன்னிரண்டு பேர் பாதங்களைக் கழுவியிருப்பார். எகிப்தின் அடிமைகளைப் பற்றிய வாசகம் வாசிக்கப்பட்டிருக்கும். பாஸ்காவை எப்படி அனுசரிப்பது என்ற கேள்விக்கு முன்னால், அனுசரிக்கிறவர் கதையில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற கேள்வி வருகிறது. இஸ்ரவேலராகத் தன்னை நினைத்துக்கொண்டு வாசிக்கிறவர் பார்வோனின் மேஸ்திரியாகவும் இருக்கலாம்.

யூதர்களிடமிருந்து கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அவர்கள் பாஸ்கா மேஜையில் வீட்டின் கடைக்குட்டிதான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்: இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி? பதில் சொல்லும் பெரியவர், முன்னோர் விடுதலையானார்கள் என்று சொல்லி நிறுத்துவதில்லை. எகிப்திலிருந்து புறப்பட்டது தானும்தான் என்று ஒவ்வொரு தலைமுறையும் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. எகிப்தியர் மேல் விழுந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு துளியாகத் திராட்சை ரசத்தைக் குறைக்கிறார்கள். எதிரி அழிந்தாலும் நம் மகிழ்ச்சி நிறைந்து வழியக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இதைப் பார்க்க யூத நண்பர் வீட்டுக்கு அழைத்தால் போகலாம், விருந்தாளியாக உட்கார்ந்து கேட்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் யூதர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. 2016ல் மகாராஷ்டிரம் அவர்களுக்குச் சிறுபான்மை அந்தஸ்து அளித்தது. அவ்வளவு சிறிய சமூகத்தின் பண்டிகையைப் பெரிய சமூகம் எடுத்துத் தன் மேடையில் நடித்துக் காட்டுவதைவிட, அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது மரியாதை.

சொந்தமாகவே ஒரு பாஸ்கா வைத்திருக்கும் கிறிஸ்தவர்களுக்கு இரவல் தேவையுமில்லை. சிஞ்ச்வட் மேஜையில் இருக்கும் அந்த அப்பத்தை மறுபடி பார்க்கலாம். யூதச் சட்டப்படி அது பாஸ்கா அப்பமே இல்லை. கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களில்தான் அதைச் செய்ய வேண்டும். அரிசிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கேரளத்தில் விளைந்தது அரிசி, காய்த்தது தேங்காய், காய்ச்சியது வெல்லம். அதைக் கொண்டு செய்தார்கள். இது நேராகக் கேரள யூதர்களிடமிருந்து வந்ததா, சிரியத் திருச்சபை வழியாக வந்ததா என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். இதில் யாருடைய சடங்கையும் போலி செய்த தடயம் இல்லை. ஒரு குடும்பம் தன் சமையலறையிலிருந்தே வேதத்துக்கு பதில் சொல்லியிருக்கிறது.

இந்தச் சடங்கில் வெளியார் அதிகம் கவனிக்காத ஒரு விதி உண்டு. அந்த வருஷம் ஒரு வீட்டில் சாவு நடந்திருந்தால் அந்த வீட்டில் பெசஹா அப்பம் சுட மாட்டார்கள். உறவுக்காரர்களோ அக்கம்பக்கத்தாரோ தங்கள் வீட்டு அப்பத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துக்க வீடும் பாஸ்காவை உண்ணும்; ஆனால் பிறர் கையால் உண்ணும்.

எண்ணாகமத்தின் 9ஆம் அதிகாரத்தில் இதே பிரச்னை மோசேயிடம் வருகிறது. பிணத்தைத் தொட்டதால் தீட்டுப்பட்ட சிலர், நாங்கள் மட்டும் ஏன் பாஸ்காவிலிருந்து விலக்கப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும், தூரப் பயணத்தில் இருப்பவர்களுக்கும், ஒரு மாதம் கழித்து இரண்டாவது பாஸ்கா அனுமதிக்கப்படுகிறது. சாவு கண்ட வீடு, ஊரைவிட்டுத் தொலைவில் இருக்கும் மனிதன், இந்த இருவரையும் பண்டிகை விட்டுவிடக் கூடாது என்று அந்தப் பழைய சட்டம் நினைத்திருக்கிறது. யாத்திராகமமும், ஆட்டுக்குட்டி முழுவதையும் உண்ண ஆளில்லாத சிறிய குடும்பம் பக்கத்து வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்கிறது. சட்டம் காலண்டரைத் தளர்த்தியது. கேரளத்துப் பாட்டிகள் காலண்டரை அப்படியே விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார்கள்.

சிஞ்ச்வடில் இந்த இரண்டு வகையினரும் ஒரே ஆளாகவே இருப்பதுண்டு. ஊரில் தகப்பனார் காலமாகி, காரியம் முடித்து, லீவு தீர்ந்து ரயிலேறி வந்து ஷிப்டுக்குத் திரும்பியவர். உறவினர்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அந்த வருஷம் அவர் வீட்டில் அடுப்பில் அப்பம் இல்லை. தட்டைக் கொண்டுவர வேண்டியவர் யார்? பங்குக் கோயிலில் எதிர்ப்பட்டால் தலையசைத்துவிட்டுப் போகும் இன்னொரு குடும்பமா? பெசஹா என்ற சொல்லையே அந்த மாடியில்தான் முதலில் கேட்ட தமிழ்க் கிறிஸ்தவரா? வல்ஹாண்டண் என்று சொல்லும் மராத்திக்காரரா?

கிறிஸ்தவர்கள் பாஸ்காவை எப்படி அனுசரிக்க வேண்டும் என்பதற்குச் செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லலாம். வியாழக்கிழமை இரவு யாத்திராகமத்தின் அந்த அதிகாரத்தை வீட்டில் உரக்க வாசிக்கலாம். குழந்தைகள் கேள்வி கேட்கட்டும். அடிமைகள் என்று வரும் இடத்தில் நிறுத்தி, இன்றைக்கு அது யார் என்று பேசலாம். செங்கல் சூளை இன்னும் இருக்கிறது. கொத்தடிமை முறையை 1976ல் சட்டம் ஒழித்த பிறகும் மீட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் யூதர்களைத் திட்டும் வாக்கியம் வந்தால் போதகரிடம் மரியாதையாகச் சொல்லலாம். அப்பம் சுடத் தெரிந்தவர்கள் சுடலாம். தெரியாதவர்கள் இட்லியை வைத்துக்கொண்டும் உட்காரலாம், அதற்காக யாரும் சபையை விட்டுத் தள்ளிவைக்கப் போவதில்லை.

சாப்பிட உட்காரும் முன் ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் இந்த வருஷம் எந்த வீட்டில் சாவு நடந்தது என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஒரு தட்டைத் தனியே எடுத்து மூடி வைக்க வேண்டும். பிறகு மாடிப்படி இறங்கிப் போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். லிப்ட் வேலை செய்யாத நாளாக இருந்தாலும் சரி.